மோட்டாரின் தகடும் செக்ரோல் புத்தகமும்

(தோட்டக் கிளையின் தொழிலாளர் கல்வி வகுப்பில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



கிராணிக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். எலக்ட்ரிக் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. உங்கள் சங்கம் வேறு, உத்தியோகஸ்தர்களாகிய எங்கள் சங்கம் வேறு. ஆனால் ஏழு வருஷம் பால் ஆலையில் கிராணியாக இருந்தேன். அந்த ஆலையின் சார்ஜ்மேன் பொறுமைசாலி. ஷீட்டு எடையை எழுதி முடித்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவர் திறந்து வைத்த மோட்டார்களைப் பார்த்துக் கற்றதும், பிறகு புத்தகம் வாங்கிப் படித்ததும்தான் என் படிப்பு. அதோடு, மோட்டார் மாற்றிய ஒரு வேலையில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இன்றைய விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆலை மூடப்பட்டு, பாலைக் கட்டியாகவே வெளியே அனுப்பத் தொடங்கிய பிறகு உள்ளே கிடந்த மோட்டார்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவற்றில் ஒன்றை நம் மாதர் குழுவினர் சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு குதிரைச் சக்தி. மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில்லுக்குப் பூட்டித் தீபாவளிக்குள் ஓட்டவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். "மூணு கம்பியில ஓடுனத ரெண்டு கம்பியில ஓட்ட முடியுமா கிராணியாரே?" என்று கேட்டார்கள். முடியும். ஆனால் எல்லா மோட்டாரிலும் முடியாது. முடிகிற மோட்டாரிலும் ஏதாவது ஒன்றை இழந்துதான் ஆகவேண்டும்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆலைக்கு வந்தது மூன்று பேஸ் மின்சாரம். லயத்து வீடுகளுக்கு வருவது ஒரு பேஸ். மலேசியாவில் நெடுங்காலம் 415 வோல்ட், 240 வோல்ட் என்று இருந்ததை 2008-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து 400, 230 என்று ஆக்கினார்கள். சைக்கிள் அன்றும் இன்றும் 50தான். ஆகவே, தகட்டில் 240/415 என்று போட்டிருக்கும் பழைய மோட்டாரை, இது இந்தக் காலத்துக்கு ஆகாது என்று ஒதுக்கவேண்டியதில்லை.

ஷீட்டு உருளையைக் கையால் சுற்றிய கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி மூன்று பேர் சம தூரத்தில் நின்று, ஒருவர் விட்டதும் அடுத்தவர், அவர் விட்டதும் மூன்றாமவர் என்று முறை வைத்துத் தள்ளினால் சக்கரம் தடங்கலின்றிச் சுற்றும். மூன்று பேஸ் என்பது அதுதான். ஒரு பேஸ் என்பது ஒரே ஆள் ஒரே கோட்டில் தள்ளுவதும் இழுப்பதுமாக நிற்பது. அவர் எவ்வளவு பலசாலியானாலும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று சக்கரத்துக்குத் தெரியாது. மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒரு பேஸை மட்டும் கொடுத்தால் உறுமிக்கொண்டு நிற்கும். நின்ற இடத்திலேயே சூடேறிக் கருகும். கையால் சுற்றிவிட்டால், சுற்றிய பக்கமே ஓடத் தொடங்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்து ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். விரல் போகும்.

ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூன்று பியூஸில் ஒன்று மட்டும் போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. மீதி இரண்டு கம்பிகளில் ஏறக்குறைய 1.73 மடங்கு ஆம்பியர் ஏறிக்கொண்டு ஓடும். ஓவர்லோடு ரிலே சரியாக இருந்தால் நிறுத்திவிடும். "அடிக்கடி நிறுத்துகிறதே" என்று யாராவது அந்த ரிலேயைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் புகை வரும். அப்படிக் கருகிய மோட்டார்கள் எத்தனையோ! பழி மட்டும் அன்றைக்கு மெஷினில் நின்ற ஆள் மேல் விழும்.

இப்போது தகட்டுக்கு வருகிறேன். மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் தகடு இருக்கும். நமக்குப் பிறப்புச் சூரை எப்படியோ, மோட்டாருக்கு அந்தத் தகடு அப்படி. அதில் 230/400 என்றோ 240/415 என்றோ, பக்கத்தில் முக்கோணக் குறியும் ஒய் போன்ற நட்சத்திரக் குறியும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். அந்த மோட்டாருக்குள் இருக்கும் மூன்று சுருள்களும் தலைக்கு 230 வோல்ட் தாங்கப் பிறந்தவை. ஆலையில் அவற்றை நட்சத்திரமாகக் கட்டி 400 வோல்ட் கொடுத்திருந்தார்கள். அதே சுருள்களை முக்கோணமாக மாற்றிக் கட்டினால் 230 வோல்ட்டுக்குச் சரியாகும். இரண்டு குதிரைச் சக்தி, அதாவது 1.5 கிலோவாட் மோட்டார் நட்சத்திரத்தில் சுமார் மூன்றரை ஆம்பியர் எடுத்தால், முக்கோணத்தில் மூன்று பேஸ் 230 வோல்ட்டில் சுமார் ஆறு ஆம்பியர் எடுக்கும். வேலை ஒன்றுதான். வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியர் கூடுகிறது.

தகட்டில் 400/690 என்று இருந்தால் கதை வேறு. அதில் ஒவ்வொரு சுருளும் 400 வோல்ட் கேட்கும். அதற்கு 230 கொடுத்தால் சுழற்றும் பலம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெறுமனே சுற்றும், மிளகாயைப் போட்டதும் நின்றுவிடும். பெரிய மோட்டார்களில் இந்தத் தகடு அதிகம். அதைப் பூட்டிவிட்டு "பழைய மோட்டார், பலமில்லை" என்று வைவார்கள். பாவம், மோட்டாரின் பேரில் குற்றமில்லை.

தகட்டுக்கு அடுத்தபடி பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். உள்ளே ஆறு முனைகள் இருக்கவேண்டும். இப்போதைய மோட்டாரில் யு, வி, டபிள்யூ என்று எழுத்தும் எண்ணும் இருக்கும்; பழைய ஆங்கிலேயர் காலத்து மோட்டாரில் ஏ, பி, சி என்று இருக்கும். பித்தளைத் தகடுகள் மூன்று முனைகளைக் குறுக்கே சேர்த்திருந்தால் அது நட்சத்திரம். மேலும் கீழுமாக மூன்று ஜோடிகளைச் சேர்த்திருந்தால் முக்கோணம். மூன்றே முனைகள் வெளியே வந்திருந்தால் நட்சத்திர முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுப்பது சுருள் கட்டும் கடைக்காரரின் வேலை. சமையல் கத்தியோடு உட்கார்ந்து செய்கிற வேலையல்ல.

ஒரு பேஸில் ஓட்டுவதற்கு மலிவான வழி கப்பாசிட்டர். முக்கோணமாகக் கட்டிய மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுத்து, மூன்றாவது முனைக்கு ஒரு கப்பாசிட்டர் வழியாகக் கொடுப்பார்கள். கப்பாசிட்டர் மின்சாரத்தின் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. அதனால் மோட்டாருக்கு இன்னொரு ஆளும் சேர்ந்து தள்ளுவதுபோல் ஆகிறது. அந்த ஆள் நொண்டி என்பதை மறக்கக்கூடாது. 230 வோல்ட், 50 சைக்கிளில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 70 மைக்ரோபாரட் என்பது வழக்கமான கணக்கு. நம் மோட்டாருக்கு 105 ஆகிறது. கப்பாசிட்டர் ஏ.சி.யில் தொடர்ந்து ஓடும் வகையாக, 450 வோல்ட் தாங்குவதாக இருக்கவேண்டும். அதை மூன்றாவது முனைக்கும் மற்ற இரண்டில் எதற்கும் இடையே வைக்கலாம். இடம் மாற்றினால் சுற்றும் திசை மாறும்.

இதில் இழப்பு என்ன? இரண்டு குதிரைச் சக்தி மோட்டார் ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரைக் குதிரைச் சக்திதான் கொடுக்கும். புறப்படும்போது பலம் மிகவும் குறைவு. ஆகவே மில்லை வெறுமையாக ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு மிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். தண்ணீர் இறைக்கும் சுழல் பம்புக்கும் இது ஒத்துவரும். காற்று அடைக்கும் கம்ப்ரெஸருக்கும், மாவை உள்ளே வைத்துக்கொண்டே புறப்படவேண்டிய கல்லுக்கும் ஒத்துவராது. இன்னொன்று: கப்பாசிட்டரை முழுச் சுமைக்கு அளந்து வைத்திருந்தால், சும்மா ஓடும்போதுகூட மோட்டார் சூடாகும். "சும்மாதானே ஓடுது" என்று மணிக்கணக்கில் விட்டுவிடக்கூடாது.

இங்கேதான் என் பிழையைச் சொல்லவேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கும் ஆலை மூடி, மூன்று பேஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பால் சேகரிக்கும் இடத்தில் தொட்டி கழுவும் பம்பு மட்டும் தேவைப்பட்டது. சார்ஜ்மேன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். வெளியிலிருந்து வயர்மேனை அழைத்தால் செலவு. "புல் வெட்டுகிறவனில் ஒருத்தனுக்குக் கரண்டு வேலை தெரியுமாமே, அவனைப் போடு" என்று மேலிடத்திலிருந்து வாய்ச்சொல் வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. அந்த அண்ணனும் கெட்டிக்காரர்தான். கப்பாசிட்டர் வைத்துப் பம்பை ஓட்டிவிட்டார். எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். அதற்குக் கூலி? அன்றைக்கு அவர் பெயருக்கு நேரே செக்ரோலில் "புல் வெட்டு" என்று எழுதினேன். கரண்டு வேலைக்கு எங்கள் புத்தகத்தில் கணக்கும் இல்லை, குறியும் இல்லை. எப்போதும் அப்படித்தான் எழுதி வந்தோம், நானும் எழுதினேன்.

மூன்றாம் வாரம் பம்பு சரியாக இழுக்கவில்லை என்று மறுபடி அவரை அழைத்தார்கள். சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கிவிட்டார். ஜாக்கிரதையான மனிதர். பிறகு கப்பாசிட்டரின் முனையைத் தொட்டார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கப்பாசிட்டர் தன் வயிற்றில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டிருக்கும். அதைத் தானாக வடித்துவிட ஒரு ரெஸிஸ்டரைக் குறுக்கே வைக்கவேண்டும்; அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடித்த அதிர்ச்சியில் ஈர மேடையிலிருந்து பின்புறமாக விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

விபத்து அறிக்கை எழுதும்போது கேட்டார்கள்: "புல் வெட்டுகிறவர் பம்பு மேடையில் என்ன செய்துகொண்டிருந்தார்?" கேள்வியில் தப்பே இல்லை. புத்தகத்தில் என் கையெழுத்து அப்படித்தான் இருந்தது. வாய்ச்சொல்லாக உத்தரவு போட்டவருக்கு அன்றைக்கு ஞாபகமறதி. அவர் மனைவி ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "கிராணியாரே, நீங்க எழுதுனதுதானே?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள், அந்த இரண்டு தேதிகளிலும் அவர் செய்தது பம்பு வேலைதான், உத்தரவின் பேரில்தான் செய்தார், பதிவு என்னுடைய பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேசியது. நஷ்ட ஈடு கிடைத்தது, மாதங்கள் கழித்து. எனக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த அண்ணனின் வலக்கைப் பிடி மட்டும் பழையபடி வரவில்லை.

ஆகையால் சொல்கிறேன். உங்களில் யாரையாவது வழக்கமான வேலையிலிருந்து எடுத்து மோட்டார் பக்கம் அனுப்பினால், "செக்ரோலில் என்ன எழுதுகிறீர்கள்?" என்று கிராணியைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நான் உட்பட எந்தக் கிராணிக்கும் அந்தக் கேள்வி நல்லது. மின்சார வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது சட்டமும் அல்ல. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன், சார்ஜ்மேன் என்று தரம் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தச் சான்றுகளைக் கவனிப்பது எரிசக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகா. வயர்மேனிலும் ஒரு பேஸ், மூன்று பேஸ் என்று பிரிவு உண்டு. சான்று எங்கே என்று கேட்டுப் பார்த்து வேலை கொடுங்கள். நம் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் இருந்தால் அந்தச் சான்றுக்குப் படிக்க வையுங்கள். "கரண்டு தெரிஞ்சவன்" என்ற பெயரோடு விட்டுவிடாதீர்கள்.

மறுபடி மில்லுக்கு வருவோம். இரண்டாவது வழி இன்வெர்ட்டர் டிரைவ். கைப்பெட்டி அளவில் இருக்கும். ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஒரு பேஸ் கொடுத்தால், மறுபக்கம் 230 வோல்ட் மூன்று பேஸ் தரும். மோட்டார் இதிலும் முக்கோணமாகத்தான் இருக்கவேண்டும். பலம் குறையாது, மெதுவாகப் புறப்படும், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். கப்பாசிட்டரைவிட விலை அதிகம்தான்; ஆனாலும் முன்பிருந்த விலை இப்போது இல்லை. அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முழுச் சுமையில் உள்ளே இழுக்கும் ஆம்பியர் 13 ஆம்பியர் பிளக்கைத் தாண்டக்கூடும். ஆகவே தனிக் கம்பி இழுக்கவேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கப்பாசிட்டர் வைக்கக்கூடாது. வேகத்தை அதிகம் குறைத்து ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு தங்கிவிடும். நிறுத்திய பின் சில நிமிஷம் அந்தப் பெட்டியையும் திறக்கக்கூடாது. அதன் வயிற்றிலும் கப்பாசிட்டர் இருக்கிறது.

மூன்றாவது வழியைச் சொன்னால் மாதர் குழு அக்காமார் கோபிக்கக்கூடும். இந்த மோட்டாரை விற்றுவிட்டு ஒரு பேஸ் மோட்டாரே வாங்கிவிடுவது! தகடு சரியாக இருந்தால் டிரைவ். தகடு சரியில்லாவிட்டால் விற்றுவிடுவது. இதுதான் என் கருத்து. கப்பாசிட்டர் வழி கடைசியில்தான். மலிவு என்று அதைத் தேடிப் போனவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுச் சாமான்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூர் கிரைண்டர், இந்தியாவிலிருந்து வரும் மிக்ஸி இவற்றில் கவலையில்லை. அங்கும் 230 வோல்ட், 50 சைக்கிள்தான். உருண்டைப் பிளக்கை எடுத்துவிட்டு நம் சதுரக்கால் பிளக்கை, எர்த் கம்பியை விடாமல் பூட்டினால் போதும். பழைய ஜப்பான் சாமான்தான் தொல்லை. அங்கே வீட்டுக்கு 100 வோல்ட். கிழக்குப் பாதியில் 50 சைக்கிள், மேற்குப் பாதியில் 60. "டிரான்ஸ்பார்மர் வைத்தால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்லுவார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. 60 சைக்கிளுக்கு மட்டும் செய்த மோட்டார் நம் 50-இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். வோல்ட்டையும் அதே அளவு குறைக்காவிட்டால், அதாவது 100-க்குப் பதில் 83 வோல்ட் கொடுக்காவிட்டால், உள்ளே காந்தம் மிஞ்சிப்போய் இரும்பு சூடாகும். பம்பாக இருந்தால் தண்ணீரும் குறையும். தகட்டில் 50/60 என்று இருந்தால் பயமில்லை. பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் தகட்டில்தான் வந்து நிற்கிறோம்.

மின்சாரம் சரியாகிவிட்டால் மட்டும் போதாது, உபயோகமும் மாறுகிறதே! ஆலையில் அந்த மோட்டார் ஓட்டியது ஷீட்டு உருளை. இனி மிளகாய்த் தூளுக்கு நடுவே நிற்கப்போகிறது. திறந்த உடம்புள்ள மோட்டாரானால் தூள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மூடிய உடம்பு வேண்டும். அதன் வேகம் நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மில் 720 கேட்டால், மோட்டாரில் நாலு அங்குலச் சக்கரம், மில்லில் எட்டு அங்குலச் சக்கரம். பெல்ட்டுக்குக் கூண்டு கட்டாயம் போடவேண்டும். சேலைத் தலைப்பும் பிள்ளைகளின் விரலும் இருக்கிற இடம் அது.

அதற்கெல்லாம் முன்னே, மூடிக்கிடந்த ஆலையில் மழைக்காலங்களைக் கழித்த மோட்டார் இது. சுருளில் ஈரம் ஏறியிருக்கும். வயர்மேன் மெக்கர் என்ற கருவியை வைத்து அளப்பார். ஒரு மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் மின்சாரம் கொடுக்கக்கூடாது. உலர்த்தி மறுபடி அளக்கவேண்டும். எர்த் கம்பி மோட்டாரின் உடம்பில் இறுகப் பூட்டியிருக்கவேண்டும். கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி இருக்கவேண்டும். தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று அந்த 1994 விதிகள் சொல்கின்றன. டிரைவ் வைத்தால் எல்லா ஆர்.சி.டி.யும் அதற்குப் பொருந்தாது. எந்த வகை என்பதை வயர்மேன் தீர்மானிக்கட்டும். நீங்கள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் கேட்டு மாதர் குழுவின் பேரில் எழுதியிருக்கிறேன். காரியதரிசி கையெழுத்துப் போட்டால் நாளைக் காலையில் ஆபீஸில் கொடுத்துவிடலாம். வயர்மேன் கூலியையும் மெக்கர் பார்க்கும் செலவையும் அதிலேயே தனியாகக் குறித்திருக்கிறேன். குழு பார்த்துவிட்டு, கூட வேண்டுமோ குறைக்க வேண்டுமோ சொல்லட்டும்.

மோட்டாரை வெளியே தாழ்வாரத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். வரும்போது பார்த்தேன். தகட்டின் மேல் கிரீஸும் காய்ந்த பாலும் விரற்கடை கனத்துக்கு ஏறியிருக்கிறது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. பழந்துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு வந்திருக்கிறேன். யாராவது ஒரு டார்ச் விளக்கு கொண்டு வாருங்கள். தேநீருக்கு முன்னே அதைத் துடைத்துப் படித்துவிடுவோம்.